சாப்பிட்ட பிறகு இறங்கும் சுகர்: ஏலத்தோட்டத் தொழிலாளி ஒருவரின் காஸ்ட்ரோபரேசிஸ்

நோயாளி 52 வயதுப் பெண். தேனி மாவட்டம் கம்பத்தை ஒட்டிய கிராமம். இளவயதிலிருந்தே கம்பம்மெட்டு வழியாக மலையேறி, கேரளத்தின் வண்டன்மேடு பக்கத்து ஏலத்தோட்டத்தில் கூலி வேலை. சுகர் வந்து 16 வருடம் ஆகிறது. முதலில் மாத்திரை மட்டும். கடைசி 5 வருடமாகக் காலையும் இரவும் 30/70 கலப்பு இன்சுலின், கூடவே மெட்ஃபார்மின். வந்து உட்கார்ந்ததும் சொன்னது இதுதான்: “எது தின்னாலும் நெஞ்சுக்குக் கீழேயே நிக்குது டாக்டரம்மா. இறங்கவே மாட்டேங்குது.”

அவருடைய சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன். நம் பக்கத்தில் சுகர்காரருக்கு வாந்தி வந்தால் கேஸ், பித்தம் என்று முடித்துவிடுகிறோம். லோ சுகர் வந்தால் சாப்பிடாமல் ஊசி போட்டிருப்பார் என்று முடித்துவிடுகிறோம். இந்த அம்மாவுக்கு இரண்டும் ஒரே இடத்திலிருந்து வந்தன: இரைப்பை சோர்ந்துபோய் உணவைக் கீழே தள்ளாத காஸ்ட்ரோபரேசிஸ். அதைக் கண்டுபிடிக்க ஒன்றரை வருடம் ஆனது. அந்த ஒன்றரை வருடத்தில் 54 கிலோவாக இருந்தவர் 46 கிலோ ஆகிவிட்டார்.

ஜீப்பில் வந்த வாந்தி

காலை 5 மணிக்கு ஊசி, உடனே கேப்பைக் கூழோ முந்தின நாள் சோறோ கொஞ்சம், 6 மணிக்கு ஜீப். மெட்டு ஏறும்போது கொண்டை ஊசி வளைவுகளில் குமட்டல் தொடங்கும். ஏலத்தோட்ட ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து போகும் பெண்களில் நாலு பேருக்காவது குமட்டும் என்பதால் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எலுமிச்சம்பழத்தை மோந்து பார், முன்சீட்டில் உட்கார் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆனால் வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமையும், வீட்டில் பாயில் படுத்திருக்கும்போதும் வாந்தி வந்தது. அதை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

வாந்தியில் என்ன வந்தது என்று கேட்டபோதுதான் எனக்குத் தடம் கிடைத்தது. கூட வந்திருந்த மருமகள் சொன்னார்: “அத்தை ராத்திரி தின்ன கீரை மறுநாள் காலையில அப்படியே வருது. தண்டு, நார் எல்லாம் பிரிச்சுப் பார்க்கலாம் போல இருக்கு.” சாப்பிட்ட உடனே வரும் வாந்தி வேறு. எட்டு, பத்து மணி நேரம் கழித்து, அரைபடாத உணவு புளித்த வாடையோடு வந்தால் இரைப்பை காலியாகவில்லை என்று பொருள். ஒன்று, வெளிவாசலில் அடைப்பு இருக்க வேண்டும். இல்லையென்றால் தள்ளும் தசை வேலை செய்யாமல் இருக்க வேண்டும்.

நாலைந்து கவளத்திலேயே வயிறு நிறைந்துவிடுகிறது, மேல்வயிறு உப்பிக்கொள்கிறது, ஏப்பம் நிற்பதில்லை. ஊரில் தொக்கம் எடுக்கவும் கூட்டிப் போயிருக்கிறார்கள். இதைக் கேட்டு முகம் சுளிக்க எனக்கு மனம் வரவில்லை. உணவு உள்ளே தங்கியிருக்கிறது என்ற அவர்களுடைய கணிப்பு சரி. அதை வாய்வழியாக உறிஞ்சி எடுக்க முடியாது என்பது மட்டும்தான் அவர்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அதை மரியாதையாகவே சொன்னேன்.

சுகர் நோட்டு

மருமகள் பன்னிரண்டாவது வரை படித்தவர். வீட்டில் குளுக்கோமீட்டர் வைத்திருந்தார். ஒரு பள்ளிக்கூட நோட்டில் தேதி, நேரம், எண் எல்லாம் எழுதியிருந்தார். இந்த ஆய்வில் எனக்கு மிகவும் உதவிய ஆவணம் அந்த நோட்டுதான்.

ஒரு நாளை மட்டும் இங்கே தருகிறேன். வெறும் வயிற்றில் 238. காலை 5 மணிக்கு 24 யூனிட், அதன்பின் கூழ். ஏழரை மணிக்கு, சாப்பிட்டு இரண்டரை மணி நேரம் கழித்து, 61. அதாவது ஜீப் மேலே போய்ச் சேரும் நேரத்தில் வியர்வை, படபடப்பு, கண் இருட்டல். பிஸ்கட் கொடுத்திருக்கிறார்கள். உடனே ஏறவில்லை என்று மிட்டாய், அப்புறம் இன்னும் இரண்டு பிஸ்கட். மதியம் 12 மணிக்கு 334.

சாதாரணமாகச் சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் சுகர் ஏறியிருக்க வேண்டும். இங்கே இறங்குகிறது. பிறகு யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் எகிறுகிறது. 30/70 கலப்பில் 30 பங்கு சாதா இன்சுலின். அது அரை மணியில் வேலை தொடங்கி, 2 முதல் 4 மணி நேரத்துக்குள் உச்சத்தில் நிற்கும். அந்த நேரத்தில் சோறு சிறுகுடலுக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும், ஏனென்றால் சர்க்கரை இரத்தத்தில் கலப்பது அங்கேதான். சோறோ இரைப்பையிலேயே இருக்கிறது. இன்சுலினுக்கு எதிரே ஒன்றும் இல்லாமல் சுகர் விழுகிறது. விழுந்ததும் தின்ற பிஸ்கட்டும் அதே இரைப்பையில் போய் உட்காருகிறது. கடைசியில் எல்லாம் சேர்ந்து இறங்கும்போது ஊசியின் வேகம் தணிந்திருக்கும்.

நோட்டில் இப்படியே பக்கம் பக்கமாக இருந்தது. முன்பு பார்த்த இடங்களில் வெறும் வயிற்று எண்ணையும் மூன்று மாத சராசரியையும் மட்டும் பார்த்து ஊசியின் அளவைக் கூட்டியிருக்கிறார்கள். அந்தச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 9.4 என்றால் கூட்டத்தான் தோன்றும். கூட்டக் கூட்ட ஜீப்பில் வரும் மயக்கமும் கூடியது.

பரிசோதனையில்

படுக்கையில் இரத்த அழுத்தம் 142/84. எழுந்து நின்று மூன்று நிமிடத்தில் 110/70, நாடித்துடிப்போ கூடவே இல்லை. உள்ளுறுப்புகளை நடத்தும் தானியங்கு நரம்புகள் கெட்டிருப்பதற்கு இது நல்ல அடையாளம். பாதத்தில் நைலான் இழை வைத்து அழுத்தினால் உணர்வில்லை. கண்ணில் ஏற்கெனவே லேசர் வைத்திருக்கிறார்.

கடைசியாக அவர் வாயில் வைத்தது நாலு மணி நேரத்துக்கு முன் அரை டம்ளர் டீயும் இரண்டு இட்லியும். மேல்வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, இடுப்பின் இரண்டு பக்கமும் பிடித்து லேசாகக் குலுக்கினேன். உள்ளே தண்ணீர் தளும்பும் சத்தம் தெளிவாகக் கேட்டது. மருமகள் காதிலும் வைத்துக் கேட்கச் சொன்னேன். “இப்பவும் உள்ளேயே இருக்கா?” என்று கேட்டார். அதற்குப் பிறகு நோயைப் பற்றி நான் அந்தக் குடும்பத்துக்கு அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அடைப்பு இல்லை என்று உறுதி செய்யாமல் காஸ்ட்ரோபரேசிஸ் என்று சொல்லக் கூடாது. புண் ஆறிச் சுருங்கிய வாசலும், புற்றுக்கட்டியும் இதே மாதிரி வாந்தியைத் தரும். இரவு முழுக்க வெறும் வயிற்றோடு இருந்தும் எண்டோஸ்கோப்பியில் வாழைத்தண்டு நாரும் கீரைத் திப்பியும் கிடந்தன. பைலோரஸ் என்னும் வெளிவாசல் திறந்தே இருந்தது, குழாய் தாராளமாகச் சிறுகுடலுக்குள் போனது. அடைப்பு இல்லை.

அதன்பின் மதுரைக்கு அனுப்பி, இரைப்பை காலியாகும் வேகத்தைப் பார்க்கும் சின்டிகிராஃபி எடுத்தோம். டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருள் மிகச்சிறு அளவில் கலந்த முட்டை வெள்ளைக்கரு உணவைக் கொடுத்து நாலு மணி நேரம் படம் பிடிப்பார்கள். நாலு மணி முடிவில் 10 சதவீதத்துக்கு மேல் தங்கினால் தாமதம். இவருக்கு 32 சதவீதம் தங்கியிருந்தது. இரண்டு மணி நேரத்தோடு நிறுத்திவிடும் சோதனையை நம்ப முடியாது. நாலு மணி வரை எடுக்கச் சொல்லிச் சீட்டிலேயே எழுத வேண்டும். சோதனை நாளில் சுகர் 275க்குக் கீழே இருக்க வேண்டும், ஏனென்றால் ஏறிய சுகரே இரைப்பையை மெதுவாக்கிவிடும். இரைப்பையின் வேகத்தை மாற்றும் மாத்திரைகளை இரண்டு மூன்று நாளுக்கு முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். தைராய்டும் சிறுநீரகமும் சரியாக இருந்தன. பி12 குறைவு. பல வருட மெட்ஃபார்மினில் இது அடிக்கடி காண்பது.

மாத்திரைப் பை

மஞ்சள் துணிப்பையைக் கவிழ்த்தபோது மேசை நிறைந்தது. அதில் மூன்று மருந்துகளைத் தனியே எடுத்து வைத்தேன்.

முதலாவது, கால் எரிச்சலுக்கு இரவில் போடும் அமிட்ரிப்டிலின். எரிச்சலுக்கு நல்ல மருந்துதான், ஆனால் இரைப்பையின் அசைவைக் குறைக்கும். இரண்டாவது, இடுப்பு வலிக்கு மருந்துக்கடையில் சொல்லி வாங்கிய டிராமடால் கலந்த மாத்திரை. குனிந்து குனிந்து ஏலத்தட்டையின் அடியில் காய் பறிக்கும் வேலையில் இடுப்பு வலி வராமல் இருக்காது. ஆனால் ஓபியம் வகை மருந்து எதுவானாலும் குடலையும் இரைப்பையையும் கட்டிப்போடும். மூன்றாவது, லெவோசல்பிரைடு கலந்த கேஸ் மாத்திரை. ஒரு வருடத்துக்கும் மேலாகத் தினமும் போட்டிருக்கிறார். இது இரைப்பையைத் தள்ளும் மருந்துதான், பலனும் கொஞ்சம் இருந்திருக்கலாம். ஆனால் நாள்பட்டுப் போட்டால் பார்க்கின்சன் நோய் போலக் கை நடுக்கமும் முக இறுக்கமும் தரும். அவருடைய வலது கையில் நடுக்கம் இருந்தது. வயசானதால் என்று நினைத்திருந்தார்கள்.

மூன்றையும் விலக்கினோம். எரிச்சலுக்குக் குறைந்த அளவு பிரிகபாலின், இடுப்புக்குப் பாராசிட்டமால். மெட்ஃபார்மினும் குமட்டும் என்பதால் அதையும் நிறுத்தினோம். கை நடுக்கம் இரண்டு மாதத்தில் போய்விட்டது. சுகருக்கும் எடைக்கும் இப்போது பரவலாகப் போடப்படும் செமாகுளூட்டைடு, லிராகுளூட்டைடு போன்ற ஜிஎல்பி-1 மருந்துகள் இவருக்கு யாரும் எழுதவில்லை. எழுதியிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும். இரைப்பையை மெதுவாக்குவதும் அவற்றின் வேலைகளில் ஒன்று.

நல்ல சாப்பாடே எதிரியானது

இந்த நோயாளியின் கதையில் என்னை மிகவும் வருத்திய பகுதி இது. அவர் ஒன்றும் கட்டுப்பாடில்லாமல் இருந்தவர் இல்லை. சொன்னதைச் சொன்னபடி செய்தவர். வெள்ளைச் சோறு வேண்டாம் என்றார்கள், கேப்பைக்கும் கம்புக்கும் மாறினார். நார்ச்சத்து வேண்டும் என்றார்கள், முருங்கைக்கீரை, வாழைத்தண்டு, கொத்தவரங்காய், முளைகட்டிய பயறு என்று மெனக்கெட்டுச் சமைத்தார். சுகருக்கு அதெல்லாம் சரியான ஆலோசனை. அரைக்கிற வேலையை நிறுத்திவிட்ட இரைப்பைக்கு அத்தனையும் தவறு.

இரைப்பையின் கீழ்ப்பகுதி நிமிடத்துக்கு மூன்று அலை என்ற கணக்கில் சுருங்கி, உணவை ஆட்டுக்கல் போல அரைக்கிறது. 1 அல்லது 2 மில்லிமீட்டர் துகளாக ஆன பிறகுதான் பைலோரஸ் வெளியே விடும். அந்த அலைக்குத் தாளம் கொடுப்பவை காஜல் செல்கள், மேலிருந்து நடத்துவது வேகஸ் நரம்பு. பல வருடச் சுகர் இரண்டையும் சேதப்படுத்தும். ஆனால் தண்ணீரும் நீர்த்த கஞ்சியும் அரைபட வேண்டியதில்லை. இரைப்பை சோர்ந்திருந்தாலும் அவை பெரும்பாலும் இறங்கிவிடும். சாப்பாட்டு முறை முழுக்க இந்த ஒரு உண்மையின் மேல்தான் நிற்கிறது: இரைப்பை செய்ய மறுக்கும் அரவையை அடுப்படியிலேயே செய்து கொடுத்துவிட வேண்டும். 2014ல் வெளியான ஸ்வீடன் ஆய்வில், இன்சுலின் போடும் காஸ்ட்ரோபரேசிஸ் நோயாளிகளுக்கு 20 வாரம் இப்படிச் சிறுதுகள் உணவு கொடுத்துப் பார்த்தார்கள். குமட்டலும் வாந்தியும் வயிற்று உப்புசமும் வழக்கமான சுகர் உணவு சாப்பிட்டவர்களைவிட நன்றாகக் குறைந்தன.

மருமகளிடம் நான் கொடுத்த விதி ஒன்றுதான். சாதத்தில் பிசைகிற மாதிரி விரலால் பிசைந்து பாருங்கள். நார், தோல், விதை எதுவும் கையில் தட்டக் கூடாது. குழைந்த பச்சரிசிச் சோறு, இட்லி, ரவைக் கஞ்சி, தோல் நீக்கிய பாசிப்பருப்பை மசித்தது, சுரைக்காயும் பூசணியும் வேகவைத்து மசித்தது, மோரில் ஊறிய இட்லி, அவித்த முட்டை, முள் நீக்கி உதிர்த்த மீன். கீரையே இல்லாமல் முடியாது என்றால் இலையை மட்டும் உருவி, வேகவைத்து மிக்சியில் அரைத்து வடிகட்டி, சூப்பாக. எண்ணெயில் பொரித்ததும் கறிக்குழம்பும் வேண்டாம், கொழுப்பு இரைப்பையை மேலும் தாமதப்படுத்தும். பாலில் இருக்கும் கொழுப்பு அவ்வளவு தொந்தரவு செய்வதில்லை. எடை குறைந்திருப்பவருக்குப் பால் தேவையும்கூட.

மலைமேல் கப்பை என்னும் மரவள்ளிக்கிழங்கும், கேரளத்து மட்டையரிசிக் கஞ்சியும்தான் சுலபமாகக் கிடைக்கும். மட்டையரிசியின் தவிடும் தடிப்பும் இவருக்கு ஒத்துவரவில்லை. கப்பையை நடுநாரை உருவிவிட்டு, நன்றாக மசிய வேகவைத்தால் கொஞ்சம் போல ஒத்துக்கொண்டது. கூட வேலை செய்யும் மலையாளி அம்மா ஒருவர், அந்தப் பக்கம் குழந்தைகளுக்குக் கொடுக்கும் காய்ந்த வாழைக்காய்ப் பொடியில் கஞ்சி காய்ச்சிக் கொடுத்திருக்கிறார். வாந்தி வராமல் தங்கிய முதல் உணவுகளில் அதுவும் ஒன்று. நான் யோசித்திருக்காத யோசனை அது. இப்போது மற்ற நோயாளிகளுக்கும் சொல்கிறேன்.

இப்படி நார் இல்லாத சாப்பாட்டில் சுகர் ஏறாதா என்று மருமகள் கேட்டார். சரியான கேள்வி. ஏறும், ஆனால் ஏறும் நேரம் கணிக்கக்கூடியதாக ஆகிவிடும். நேரம் தெரிந்தால் ஊசியை அதற்குப் பொருத்தலாம்.

ஊசியின் நேரம், தோட்டத்தின் நேரம்

கலப்பு இன்சுலினை நிறுத்தினோம். இரவு ஒருவேளை நீண்டநேரம் வேலை செய்யும் கிளார்ஜின். உணவுக்குச் சாதா இன்சுலின் சின்னச் சின்ன அளவில், அதுவும் சாப்பிட்டு முடித்து, வாந்தி வராது என்று தெரிந்த பிறகு. ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடு என்று பல வருடம் பழகியவருக்கு இது தலைகீழாக இருந்தது. இரண்டு வாரம் மருமகள் பக்கத்திலேயே நின்றார்.

லோ சுகருக்கு இனி பிஸ்கட் கிடையாது. அரை டம்ளர் தண்ணீரில் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் குடிக்க வேண்டும், 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஒரு சின்ன பாட்டிலில் கரைத்தே கொண்டுபோகிறார். கூட வரும் பெண்கள் எல்லோருக்கும் அது எந்தப் பைக்குள் இருக்கிறது என்று தெரியும்.

மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாகப் பிரித்தோம். காலை 5 மணிக்கு ரவைக் கஞ்சி மட்டும், மலைமேல் போய் இறங்கியதும் இட்லி, 11 மணிக்கு மோரில் கரைத்த சோறு என்று போகும். இங்கேதான் சிக்கல். தோட்டத்தில் சாப்பாட்டு நேரம் மதியம் ஒருமுறைதான். இடையில் உட்கார்ந்தால் மேஸ்திரி கேட்பார், கூலியில் பிடிப்பார்களோ என்று பயம். பசித்தாலும் அடக்கிக்கொண்டு, மதியம் ஒரேயடியாக வயிறு நிறையத் தின்பதுதான் அத்தனை வருடப் பழக்கம். 11 மணிக்குப் பத்து நிமிடம் என்பது இவருக்கு மருந்து. அதை மருந்துச் சீட்டிலேயே எழுதுவது என் வேலை என்று நினைக்கிறேன். தமிழில் எழுதி, தெரிந்தவர் ஒருவரைக் கொண்டு மலையாளத்திலும் எழுதிக் கொடுத்தேன். சூப்பர்வைசர் படித்துவிட்டு, “அதுக்கென்ன சேச்சி, உட்கார்ந்து சாப்பிடுங்க” என்றிருக்கிறார். கேட்காமலே இத்தனை நாள் பயந்துகொண்டிருந்தேன் என்று இந்த அம்மா என்னிடம் சொன்னபோது கண் கலங்கினார்.

சாப்பிட்டதும் படுக்கக் கூடாது, ராத்திரிச் சாப்பாடு ஏழு மணிக்குள் முடிய வேண்டும். இவை எளிது, செய்துவிட்டார்.

மருந்தாக டாம்பெரிடோன் 10 மில்லிகிராம், மூன்று வேளை, சாப்பாட்டுக்கு முன். இது இதயத் துடிப்பின் தாளத்தைக் குலைக்கலாம் என்பதால் முதலில் ஈசிஜி எடுத்து, அந்த ஆபத்தைக் காட்டும் கியூடி இடைவெளியைப் பார்த்தோம். பொட்டாசியமும் பார்த்தோம். ஒரு நாளைக்கு 30 மில்லிகிராமைத் தாண்டவில்லை. மெட்டோகுளோபிரமைடு இந்த நோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து. ஆனால் 12 வாரத்துக்கு மேல் போட்டால் வாய், நாக்கு தானாக அசையும் நிரந்தரக் கோளாறு வரலாம் என்று 2009ல் அங்கே கடுமையான எச்சரிக்கை போட்டார்கள். ஏற்கெனவே கை நடுங்கியவருக்கு அதைக் கொடுக்க எனக்குத் துணிவில்லை. எரித்ரோமைசினும் இரைப்பையைத் தள்ளும், ஆனால் சில வாரங்களில் பலன் மங்கிவிடும்.

ஆறு மாதம்

எடை 49.5 கிலோ. அநேகமாகத் தினமும் வந்த வாந்தி மாதத்தில் ஓரிரு முறை என்று குறைந்தது. ஜீப்பில் மயக்கம் நின்றது. ஹெச்பிஏ1சி 8.1. ஏழுக்குக் கொண்டுவர நான் முயலவில்லை. இவருக்கு லோ சுகர் வராமல் இருப்பதுதான் முதலில் முக்கியம். சின்டிகிராஃபியை மறுபடி எடுக்கவில்லை, ஏனென்றால் படத்தில் வரும் சதவீதமும் நோயாளி படும் தொந்தரவும் எப்போதும் சேர்ந்து போவதில்லை.

நடுவே ஒரு சறுக்கல். காய் பறிப்பு மும்முரமாக இருந்த ஐப்பசி மழையில், கூட ஆள் குறைவு என்று 11 மணிச் சாப்பாட்டை விட்டுவிட்டார். ஒரு வீட்டு விசேஷத்தில் பலாக்கொட்டைக் கூட்டும் அவியலும் சாப்பிட்டிருக்கிறார். இரண்டு நாள் விடாமல் வாந்தி, சுகர் 400ஐத் தாண்டியது, சிறுநீரில் இன்சுலின் போதாதபோது சேரும் கீட்டோன். சாப்பிடவில்லையே என்று இரவு ஊசியையும் நிறுத்தியிருந்தார்கள். ட்ரிப்ஸ் ஏற்றி, இன்சுலின் கொடுத்து, மூன்றாம் நாள் கஞ்சி குடித்தார். அதற்குப் பிறகு நோட்டின் அட்டை உள்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறோம்: வாந்தி வந்தாலும் இரவு ஊசியை நிறுத்தக் கூடாது. இரண்டு நாள் நீராகாரம் மட்டும், மடக்கு மடக்காக. ஆறு மணி நேரம் தண்ணீர்கூடத் தங்காவிட்டால், அல்லது சுகர் 300ஐத் தாண்டினால், உடனே வர வேண்டும்.

இதற்கும் மிஞ்சினால் பைலோரஸ் தசையை எண்டோஸ்கோப் வழியாகவே வெட்டித் தளர்த்தும் ஜி-போயம் முறை இருக்கிறது, 2013 முதல் மனிதர்களுக்குச் செய்கிறார்கள். சிறுகுடலில் குழாய் வைத்து உணவூட்டுவதும் உண்டு. இப்போதைக்கு இரண்டும் தேவைப்படவில்லை.

டாம்பெரிடோனை இரண்டு வேளையாகக் குறைத்திருக்கிறோம். பி12 ஊசி தொடர்கிறது. அடுத்த ஈசிஜியும் எடைப் பரிசோதனையும் ஆடியில், காய் பறிப்பு தொடங்கும் முன்பே. 11 மணிச் சாப்பாட்டுக்கான சீட்டையும் அன்றே புதுப்பித்துக் கொடுக்க வேண்டும், தோட்டத்தில் சூப்பர்வைசர் மாறியிருக்கிறார்.